கருத்துக்கு முன்னால் வந்து நிற்கும் எண்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்களும் சமூக ஊடகமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கவனம் சிதறுகிறது, தூக்கம் கெடுகிறது, படிப்பு பாழாகிறது என்று வழக்கமாகச் சொல்லப்படும் எல்லாமே அதில் இருக்கின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் என் கவலை வேறு. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை விடுங்கள். பார்த்ததைப் பற்றித் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வர அவர்களுக்கு அவகாசம் கிடைக்கிறதா?

ஒரு மாணவர் ரீல்ஸ் பார்ப்பதைப் பக்கத்திலிருந்து கவனியுங்கள். திரையில் இரண்டு பேர் ஏதோ வாக்குவாதம் செய்கிறார்கள். நியாயம் யார் பக்கம் என்று சட்டென்று சொல்ல முடியாது. வீடியோ பாதி ஓடுவதற்குள் கட்டைவிரல் கமெண்ட்டைத் திறந்துவிடும். படம் மேலே சுருங்கிப்போய்ச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் நிற்கும் கமெண்ட்டுக்கு ஆயிரக்கணக்கில் லைக். அதைப் படித்ததும் முகத்தில் இருந்த குழப்பம் போய்விடும். அப்புறம் வீடியோவை மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். இந்த முறை யார் தப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்காது.

வகுப்பிலும் இதைத்தான் பார்க்கிறேன். ஒரு செய்தியைப் படித்துக் காட்டி, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், முன்பெல்லாம் தாறுமாறான பதில்கள் வரும். பாதி அபத்தமாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. இப்போது பெரும்பாலும் இரண்டே பதில்கள், அதுவும் ஒரே சொற்களில். பரபரப்பாகப் பேசப்படாத ஒரு விஷயத்தைக் கொடுத்தால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. "இதுக்கு எல்லாரும் என்ன சொல்றாங்க சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இதை வெறும் வாத்தியார் புலம்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2013-இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஓர் இணையதளத்தில், 5 மாத காலத்தில் பதிவான 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கமெண்ட்டுகளில் சிலவற்றுக்கு, அவை வெளியானவுடனேயே ஆய்வாளர்கள் ஒரே ஒரு பொய் லைக் போட்டார்கள். எந்தக் கமெண்ட்டுக்கு என்பதையும் குலுக்கல் முறையில்தான் தீர்மானித்தார்கள். அந்த ஒற்றை லைக்கைப் பார்த்துவிட்டு அடுத்து வந்தவர் தானும் லைக் போடுவதற்கான வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசிக் கணக்கில் அந்தக் கமெண்ட்டுகளின் மதிப்பெண் (லைக்கிலிருந்து டிஸ்லைக்கைக் கழித்தால் வருவது) சராசரியாக 25 சதவீதம் அதிகம். இன்னொரு பக்கம், பொய்யாக டிஸ்லைக் போட்டவற்றைப் பின்னால் வந்தவர்களே லைக் போட்டுச் சரிசெய்துவிட்டார்கள். யாரையாவது அநியாயமாகத் தாழ்த்தினால் நமக்கு உறுத்துகிறது. அநியாயமாக உயர்த்தினால் மட்டும் ஏனோ உறுத்துவதில்லை.

பதின்ம வயதினரை வைத்தே செய்த ஆய்வும் உண்டு. 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்தபடியே புகைப்படங்களைக் காட்டினார்கள். ஒரே படத்தைச் சிலருக்கு நிறைய லைக்குடனும் சிலருக்குக் கொஞ்ச லைக்குடனும் காட்டியபோது, லைக் அதிகமாகத் தெரிந்த படத்தையே பிள்ளைகள் விரும்பினார்கள். சிகரெட், மது உள்ள படங்களுக்கும் இதே கதைதான். படம் மாறவில்லை, அதன் கீழே இருந்த எண் மட்டும்தான் மாறியது.

அந்த எண்ணை மேலே தள்ளுவது எது என்றும் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009-இல். 2017 முதல் சில காலம், கோபக் குறி உள்ளிட்ட எமோஜி ஒவ்வொன்றுக்கும் லைக்கைப்போல 5 மடங்கு மதிப்புக் கொடுத்துத்தான் பதிவுகளை அந்நிறுவனம் வரிசைப்படுத்தியது. 2021-இல் கசிந்த அதன் உள் ஆவணங்களால் இது வெளியே வந்தது. நிதானமாக எழுதிய ஒரு பதிவு அந்தப் போட்டியில் எங்கே ஜெயிப்பது?

"பெரியவர்கள் மட்டும் ஒழுங்கா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். குடும்ப வாட்ஸப் குழுவில் பெரியப்பா ஃபார்வர்டு செய்த வதந்தியை, இது பொய் என்று ஆதாரத்தோடு மறுப்பது பெரும்பாலும் வீட்டின் இளசுகள்தான். இளைஞர்கள் மக்கு என்று நான் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு நல்லதோ கெட்டதோ ஏற்கெனவே ஒரு கருத்து இருக்கிறது. 14 வயதில் ஒருவருக்கு முதல் கருத்தே கமெண்ட் பெட்டியில்தான் உருவாகிறது என்பதுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வயதில் நாம் உளறியதெல்லாம் காற்றோடு போய்விட்டது. இன்றைக்கு ஒரு தீவிரக் கொள்கை, அடுத்த மாதம் அதற்கு நேர் எதிரான கொள்கை என்று தாவியிருக்கிறோம், யாரும் கணக்கு வைக்கவில்லை. இன்றைய பிள்ளை தப்பாக ஒரு வரி எழுதினால் அடுத்த நிமிடம் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். அரைவேக்காட்டு யோசனையைச் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொள்ள இடமில்லாதபோது, ஏற்கெனவே லைக் வாங்கிய கருத்தின் பின்னால் நின்றுகொள்வதுதான் பத்திரம். என்னைக் கேட்டால் நேர விரயத்தைவிட இந்தப் பயம்தான் பெரிய சேதம்.

அதற்காகப் பீதியடையவும் வேண்டாம். 2019-இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்தவர்கள், பிள்ளைகளுக்கிடையே மன நலனில் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாடு விளக்குகிறது என்றார்கள். அது மன நலனைப் பற்றிய கணக்கு, சிந்திக்கும் பழக்கத்தைப் பற்றியதல்ல. இருந்தாலும், 'ஒரு தலைமுறையே போச்சு' என்று தலைப்புப் போடுமுன் பார்க்க வேண்டிய கணக்கு.

தடைச் சட்டத்தின் மேலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்குக் கூடாது என்று ஆஸ்திரேலியா 2024-இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. சரி, 16 முடிந்த மறுநாள்? அதே கமெண்ட் பெட்டிதானே காத்திருக்கிறது?

எண்ணை மறைக்கலாமே. லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021-இல் கொடுத்தது. ஆனால் வேண்டுமென்பவர் தேடிப்போய் மாற்றிக்கொள்ள வேண்டும், எத்தனை பேர் போவார்கள்? ரெடிட் என்ற விவாதத் தளத்தில் குழுவை நடத்துகிறவர்கள் புதுக் கமெண்ட்டின் மதிப்பெண்ணைக் குறிப்பிட்ட நேரம்வரை மறைத்து வைக்கலாம். இந்த முறை எல்லாத் தளங்களிலும் யாரும் கேட்காமலே இருக்க வேண்டும். என் வகுப்பில், விவாதத்துக்கு முன் போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்கிறேன். சிலர் வெள்ளைத்தாளையே நீட்டுகிறார்கள். எழுதுகிறவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் எழுதுவதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் இணையப் பக்கத்திலும் அதிக லைக் வாங்கிய வாசகர் கருத்துதான் முதலில் நிற்கிறது. முதல் ஒரு நாளைக்காவது அந்த எண்ணை மறைத்து, வந்த வரிசையிலேயே கருத்துகளைப் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் போதும். என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர் ஒருவர்