ஆறு பொற்காசுக்குப் போன பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் இதழில் பழைய இத்தாலிய வயலின்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஏல விலையெல்லாம் சரி, படங்களும் அழகு. ஆனால் பக்கம் முழுக்க வயலின் செய்த மேதை ஸ்ட்ராடிவாரியைப் பாடிவிட்டு, அவருடைய பட்டறைச் சாமான்கள் இன்றைக்கு நம் கண்ணில் படுவதற்குக் காரணமானவரை “ஒரு பிரபு” என்று அரை வரியில் தள்ளிவிட்டீர்கள். அவருக்குப் பெயர் உண்டு. சலாபுவே பிரபு இக்னாசியோ அலெஸ்ஸாண்ட்ரோ கோசியோ. 1755-இல் வட இத்தாலியில் கசாலே மோன்ஃபெராட்டோவில் பிறந்து, 1840 வரை வாழ்ந்தவர். முப்பத்தைந்து வருடமாக வயலின் பழுது பார்த்தே வயிற்றைக் கழுவுகிறவன் நான். அவருக்காக வக்காலத்து வாங்க எனக்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது.

அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி இறந்தது 1737-இல். தொழிலில் கூட இருந்த இரண்டு மகன்களும் அடுத்த ஆறு வருடத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி மகன் பாவோலோ துணி வியாபாரி. அப்பாவின் அச்சும் அளவுகோலும் அவருக்கு எதற்கு? இருபதைத் தாண்டாத கோசியோ, தரகர் ஒருவரை வைத்துக்கொண்டு மிச்சமிருந்த வயலின்களை முதலில் வாங்கினார். அப்புறம் பட்டறைக் கருவிகளுக்கு வலை வீசினார். 1776-இல் பாவோலோ எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன, படித்தால் சிரிப்பு வரும். 28 ஜிலியாத்தி கேட்கிறார். அது அந்தக் காலத்துப் பொற்காசு. பிரபு தரப்பு ஐந்துதான் தருவேன் என்கிறது. ஐந்து ரொம்பக் கொஞ்சம் என்று புலம்பிவிட்டு, கடைசியில் ஆறுக்கு இறங்கி வருகிறார். பணத்தைக் கட்டச் சொல்வது பட்டுக் காலுறை செய்யும் ஒரு குடும்பத்தாரிடம்! கூடவே ஒரு நிபந்தனை: அப்பாவின் பொருள் ஒன்றுகூட, அவர் பட்டறை வைத்திருந்த கிரெமோனாவில் மிஞ்சக் கூடாது. ஊர்மேல் என்ன மனத்தாங்கலோ. சாமான் கைமாறி முடிவதற்குள் பாவோலோவும் இறந்துபோக, அவர் மகன்தான் முடித்துக் கொடுத்தார்.

அந்தச் சாமான் பெட்டியில் இருந்தவற்றைக் கிரெமோனா வயலின் அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். வயலினின் விலாப் பலகையை வளைத்துக் கட்டுவதற்கான மர அச்சுகள், அவற்றின்மேல் ஜி, பி, பி.ஜி. என்று அளவைக் குறிக்கும் எழுத்துகள். எனக்கு அதைவிடக் காகிதங்கள்தான் பெரிசாகத் தெரிந்தன. ஒலித்துளையை எங்கே வெட்டுவது என்று ஸ்ட்ராடிவாரி காம்பஸை ஊன்றிய இடங்களில் ஊசித் துளைகள் அப்படியே இருக்கின்றன. கண்ணாடியில் மூக்கு முட்ட நின்றேன். காவலாளி இரண்டு முறை பக்கத்தில் வந்து போனார்.

கோசியோ வாங்கிக் குவித்ததோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பணக்காரர்கள் எப்போதும் வாங்குகிறார்கள். இவர் ஒவ்வொரு வயலினையும் அளந்தார், எழுதினார். உடம்பின் நீளம், அகலம், வார்னிஷின் நிறம், தலைச் சுருளின் வெட்டு, உள்ளே ஒட்டிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, எங்கே யார் கை வைத்துப் பழுது பார்த்தார்கள் என்பது வரை. அவருக்கு முன் வயலினுக்கு இப்படி யாரும் ஜாதகம் எழுதி வைத்ததில்லை. அந்தக் குறிப்பேடுகள் 1950-இல் மிலானில் புத்தகமாகவும் வந்தன.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அந்தக் காலப் பழக்கப்படி நல்ல நல்ல வயலின்களின் கழுத்தை மாற்ற வைத்தவர்தான் இவரும். டூரினில் குவாதாஞினி என்ற பெரிய கைவினைஞருக்குச் சில வருடம் படியளந்தார், செய்தவற்றை எல்லாம் வாங்கினார், ஸ்ட்ராடிவாரி மாதிரி செய் என்று நச்சரித்தார். அந்த உறவு 1777 வாக்கில் முறிந்தது. காசு கொடுப்பவர் கையில் அச்சையும் வைத்துக்கொண்டு வந்து நின்றால் எந்தக் கைவினைஞனுக்குத்தான் பொறுக்கும்?

இவ்வளவும் சொல்லக் காரணம் என் பழைய தப்பு ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வயலின் வந்தது, கழுத்து ஆடியது. மேல் பலகையைத் திறந்தால், கழுத்து வந்து சேரும் உள்கட்டை வெடித்திருந்தது. அதன்மேல் பென்சிலில் இரண்டு வரி, முன்னால் பழுது பார்த்த யாரோ எழுதியது. கட்டையைச் செதுக்கி எடுத்துப் புதுசு வைத்தேன். பழசைச் சீவலோடு சேர்த்துக் கூட்டித் தள்ளினேன். பல வருடம் கழித்து அந்த வீட்டுப் பேரன் வந்து, “உள்ளே ஏதாவது எழுதியிருந்ததா?” என்று கேட்டார். எழுதியிருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது, என்ன எழுதியிருந்தது என்பது இல்லை. அன்றிலிருந்து என் மேசையில் ஒரு நோட்டு கிடக்கிறது. வயலினைத் திறந்தால் முதல் வேலை எழுதுவதுதான்.

பிரபுவின் சேகரிப்பு சிதறிவிட்டது. அதிலிருந்த, ஸ்ட்ராடிவாரி செய்த 1716-ஆம் வருடத்து “மெசியா” வயலினை 1827-இல் தாரிசியோ என்ற வியாபாரி வாங்கினார். அந்த வயலின் அசல்தானா என்று இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய சண்டை மூண்டபோது, இரண்டு தரப்பும் புரட்டிய ஆதாரங்களில் கோசியோவின் குறிப்பேடும் ஒன்று. பட்டறைச் சாமான்களை அவருடைய வாரிசு வழியில் வந்தவர்களிடமிருந்து ஃபியோரினி என்ற வயலின் கைவினைஞர் 1920-இல் 1,00,000 லிராவுக்கு வாங்கினார். பத்து வருடம் கழித்து அவற்றை அவர் இனாமாகக் கொடுத்தது எந்த ஊருக்கு என்று நினைக்கிறீர்கள்? கிரெமோனாவுக்கேதான். பாவோலோவின் நிபந்தனை அதோடு காற்றில் போயிற்று.

கடைசியாக ஒரு திருத்தம். “மெசியா” படத்துக்குக் கீழே “இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது” என்று போட்டிருக்கிறீர்கள். அது ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. யாரும் அதை வாசிப்பதில்லை. இன்றும் மேடையில் ஒலிக்கும் வயலின்தான் வேண்டுமென்றால், வயலின் மேதை பகனினியிடம் இருந்த 1727-ஆம் வருடத்து ஸ்ட்ராடிவாரியின் படத்தைப் போட்டிருக்கலாம். ஜப்பானின் நிப்பான் இசை அறக்கட்டளை அதை வாசிப்பவர்களுக்கு இரவல் தருகிறது. அதற்குப் பெயரே “கோசியோ டி சலாபுவே பிரபு”தான்.

இப்படிக்கு,
வயலின் பழுது பார்க்கும் ஒரு வாசகன்