கொட்டித் தீர்த்த சோகமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இழப்பையும் காதல் முறிவையும் ஓவியமாக்கியவர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன், பிடித்திருந்தது. ஒன்றுதான் உறுத்தியது. ஒவ்வொருவரும் மனதில் இருந்ததை "கொட்டித் தீர்த்தார்" என்றே எழுதியிருந்தீர்கள். அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் தீர்ந்துவிடவில்லையே!

எட்வர்ட் மங்க் என்ற நார்வே ஓவியரின் அக்கா சோஃபி 1877இல் காசநோயில் இறந்தாள். அவர் 'நோயுற்ற சிறுமி' ஓவியத்தைத் தொடங்கியதே 1885இல்தான். வண்ணம் பூசி, சுரண்டி எடுத்து, மறுபடி பூசி, அதுவும் போதாமல் நாற்பது ஆண்டுகளில் அதே படுக்கையை, அதே முகத்தை ஆறு முறை வரைந்தார்.

ஜெர்மன் ஓவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ் கதை இன்னும் கனமானது. 18 வயது மகன் பீட்டர் முதல் உலகப் போருக்குப் போக அப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது, தயங்கிய கணவரை இணங்க வைத்தவரே இவர்தான். 1914 அக்டோபரில் மகன் இறந்துபோனான். முதலில் அவன் படுத்திருப்பதுபோல் ஒரு சிலையைத்தான் செய்ய நினைத்தார், வரவில்லை, விட்டுவிட்டார், அப்புறம் மீண்டும் எடுத்தார். 1932இல் பெல்ஜியத்தில் மகனைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தில் சிலைகளை வைத்தபோது அதில் மகனே இல்லை. அப்பாவும் அம்மாவும் மட்டும், தனித்தனியாக, மண்டியிட்டபடி. அவனை எடுத்துவிட வேண்டும் என்று புரிய ஒரு தாய்க்கு எத்தனை வருடம் பிடித்திருக்கிறது பாருங்கள்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ, தனக்கு விவாகரத்தான 1939இல் வரைந்த 'இரண்டு ஃப்ரீடாக்கள்' படத்தில், வெட்டுப்பட்ட ரத்தக்குழாயை ஓர் அறுவை சிகிச்சை இடுக்கியால் பிடித்திருப்பாள். அந்த இடுக்கியை அத்தனை துல்லியமாக வரைய கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

நான் ஓவியர் இல்லை. என் அக்கா போன பிறகு மூன்று மாதம் அவள் கையை மட்டும் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். விரல் மடங்கும் இடத்தில் நிழல் சரியாக விழவில்லை என்று அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோகும். வரையும்போது அழுகை வராது, நோட்டை மூடும்போதுதான் வரும்.

அதனால் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட படங்களைப் போட்டால், இழப்பு நடந்த ஆண்டையும் படம் முடிந்த ஆண்டையும் கீழே சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் மங்கின் ஆறு படங்களையும் ஒரே பக்கத்தில், அருகருகே அச்சிடுங்கள்.