காக்கை வராத ஆடி அமாவாசை

சிங்கப்பூர்
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மேட்டூர் 120 அடி நிரம்பி, ஆடிப்பெருக்கன்று நம் ஊர்க் காவிரி தளும்பி ஓடியதை நீ எழுதியிருந்த விதமே என்னை இருக்கவிடவில்லை.

போன ஞாயிறு அப்பாவுக்குப் படையல் போட்டோம். வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் எல்லாம் ஆயிற்று. காக்கைக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றில்தான் சிக்கல். இங்கே காட்டு உயிர்களுக்குத் தீனி போடுவது குற்றம். காக்கையும் அதில் சேர்த்தி. முதல் தடவை மாட்டினாலே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அப்பாவே காக்கையாக வந்தாலும் சட்டம் சட்டம்தானே! படத்துக்கு முன்னால் வைத்த சோற்றைக் கடைசியில் நானே சாப்பிட்டேன்.

சாயங்காலம் கீழே இறங்கினால், எங்கள் புளோக்கில் இருக்கும் சீனப் பாட்டி புல்தரை ஓரமாக மெழுகுவத்தி ஏற்றி, ஆரஞ்சும் சோறும் வைத்து, ஊதுவத்தி செருகிக்கொண்டிருக்கிறார். பக்கத்து இரும்புத் தொட்டியில் தாள் பணம் எரிகிறது. அன்றைக்குத்தான் அவர்களுக்கு ஏழாம் மாதம் பிறந்ததாம், ஆவிகள் பசியோடு வந்துபோகும் மாதம். பாட்டி அந்தப் பக்கம் போனதும் இரண்டு மைனா வந்து சோற்றைக் கொத்தின. அவற்றைக் கேட்பார் இல்லை!

இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இது எனக்கு உறைத்ததே இல்லை பார். ஒரே அமாவாசை, ஒரே சோறு. எப்போதும் இப்படிப் பொருந்துமா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நாம் சூரியனை வைத்து ஆடியைப் பிடிக்கிறோம். அதற்குள் வரும் அமாவாசை நமக்கு. அவர்களுக்கு அமாவாசைதான் மாதப் பிறப்பு. சந்திரக் கணக்கு முந்திக்கொண்டு ஓடினால், இழுத்துப் பிடிக்க நடுவில் ஒரு மாதத்தைச் செருகிவிடுவார்கள். அடுத்த வருடம் அப்படித்தான், ஆறாம் மாதம் இரண்டு தடவை வருகிறது. அதனால் 2025-ல் நம் அப்பாக்கள் ஜூலை 24-ஆம் தேதியே வந்துவிடுவார்கள். பாட்டி வீட்டுக்காரர்கள் ஆகஸ்ட் 23 வரை காத்திருக்க வேண்டும்.

இந்த மாதம் முழுக்கத் திறந்தவெளியில் 'கெத்தாய்' கச்சேரி நடக்கும். முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், அவை ஆவிகளுக்கு. இன்னொன்று, ஏழாம் மாதத்தில் தண்ணீரில் இறங்காதே என்பார்கள் சீனப் பெரியவர்கள். நேற்று தேசிய தினத்தன்று இந்த ஊர் 17 வயதுப் பையன் மேக்ஸ் மேடர் பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் காற்றாடி இழுக்கும் பலகை ஓட்டி வெண்கலம் வாங்கிவிட்டான்! காற்றில்லாமல் பந்தயம் தள்ளிப்போய், சரியாக அந்த நாளில் வந்து விழுந்தது. பாட்டியிடம் சொன்னேன். "அது பிரான்ஸ் தண்ணீர்" என்றார்.

பாரிஸ் தொடக்க விழாவில் இயேசுவின் கடைசி விருந்தைக் கேலி செய்தார்கள் என்று கிளம்பிய சண்டையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டாயிற்று. எனக்கு என்னவோ, கொட்டும் மழையில் நனைந்துகொண்டே படகில் போன விளையாட்டு வீரர்கள்தான் கண்ணில் நிற்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகாளய அமாவாசை அக்டோபர் 2. டிக்கெட் போட்டுவிட்டேன். உன் வீட்டு மொட்டைமாடியில் எனக்கும் ஒரு இலை போட இடம் வை. காக்கைகளிடமும் சொல்லி வை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்