கராஜ்காரி பாடகியான கதை

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மட்டு என்று இந்தச் சிறுபோகத்துக்குப் பங்கு வைத்துத்தான் தந்தார்கள். எங்களுக்கு விழுந்த துண்டை இவர் பார்த்துக்கொள்கிறார். நான் வழக்கம்போல் பள்ளிக்கூடமும் நாடகப் பிள்ளைகளுமாக ஓடித் திரிகிறேன்.

மகளோடு அவுஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்கின் இசை நிகழ்ச்சிக்குப் போனதை எழுதியிருந்தாய். "அவ ரிவி நாடகத்தில நடிச்சவ, பாட்டெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டதுதானே" என்று உன் மனுசன் சொன்னாராம். அச்சொட்டாக அதே கதைதான் இங்கேயும் ஓடுகிறது, கேள்.

என் உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளை ஒருத்தி, தமிழ்த்தினப் போட்டியில் கண்ணகியாக வந்து சபையை அழவைத்தவள். இப்போது தானே ஒரு பாட்டெழுதி, தம்பியின் போனில் பதிந்து யூரியூப்பில் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான், "நடிக்கிற பெட்டைக்கு ஏன் இந்தப் பாட்டு வேலை?" என்று ஊர் தொடங்கிவிட்டது. தாயும் பயந்துபோய் என்னிடம் வந்தா.

முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடுகிறவரிடம் "நீ நடிகனா, பாடகனா?" என்று யாராவது கேட்டதுண்டா? சலங்கையோடு களரிக்குள் இறங்கினால் தன் பாட்டைத் தானே பாடத்தான் வேண்டும். பாகவதர் காலத்துத் தமிழ்ப் படமும் அப்படித்தானே. பின்னணிப் பாட்டு வந்த பிறகுதான் வாய் ஒருவருக்கும் குரல் இன்னொருவருக்கும் என்று பிரிந்தது. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளையை அளக்கிறார்கள்.

கைலிக்கும் இதே பேச்சு விழுந்தது. 1986இல் 'நெய்பர்ஸ்' தொடரில் சார்லின் என்ற கராஜ் மெக்கானிக்காகச் சேர்ந்தார். (எங்கள் ஏ-9 வீதிக் கராஜ் ஒன்றில் ஒரு பெட்டை ஸ்பானரோடு நிற்பதை நினைத்துப் பார்!) அடுத்த வருடம் 'லோகோமோஷன்' என்ற பழைய பாட்டைப் பாடி வெளியிட, அவுஸ்திரேலியாவில் ஏழு கிழமை முதலிடத்தில் நின்றது. பிறகு லண்டனுக்குப் போனார். அங்கே ஸ்டொக், எய்ட்கின், வோட்டர்மன் என்ற, பாட்டெழுதித் தயாரிக்கிற மூவர் கூட்டணி, இவர் வரப்போவதையே மறந்துபோய், அவசரம் அவசரமாக நாற்பது நிமிடத்தில் ஒரு பாட்டை எழுதிக் கையில் கொடுத்ததாம். அது 1988இல் பிரித்தானியாவில் ஐந்து கிழமை முதலிடம். அப்படியிருந்தும் பத்திரிகைக்காரர் வைத்த பட்டம் 'பாடும் குருவி'. புகழ்ச்சியாக இல்லை, நக்கலாக.

உள்ளதைச் சொன்னால், குரல் மெல்லிசுதான். குரலுக்காக என்றால் நான் சித்ராவைக் கேட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். ஆனால் 1995இல் நிக் கேவ் என்ற பாடகரோடு கைலி பாடியதை நீ ஒருதரம் ஆறுதலாகக் கேட்டுப் பார். அவன் கொலைகாரன், இவள் கொலையுண்ட பெண். அவன் ஒரு கண்ணி பாட, இவள் ஒரு கண்ணி, மாறி மாறி, நம்முடைய கூத்தின் தர்க்கப் பாட்டு மாதிரியே. நிக் கேவின் குரல் அடியில் கனமாகக் கிடக்கிறது. கைலி குரலை உயர்த்தவே இல்லை. தான் செத்துப்போனது தெரியாத பிள்ளை கதை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போகிறார். பெரிய குரல்காரி யாராவது பாடியிருந்தால் அந்த இடத்தில் பாட்டுத்தான் தெரிந்திருக்கும், அந்தப் பெண் தெரிந்திருக்க மாட்டாள். நடிப்புப் படித்த தொண்டைக்குத்தான் அது வரும் என்பது என் எண்ணம். வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அரைகுறையாக விளங்கிய பிள்ளைகளும் கடைசியில் "ரீச்சர், அவவைக் கொன்றுபோட்டானா?" என்று கேட்டார்கள்.

இடையில் விழுந்தும் இருக்கிறார். 1997இல் வந்த இசைத்தொகுப்பு பிரித்தானியாவில் எடுபடவில்லை. கூத்தில் வேசம் மாற்றுவதுபோல் ஆளையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்து, 2001இல் அந்த 'லா லா லா' பாட்டால் ஐரோப்பா முழுக்க ஆடவைத்தார். 2005இல் மார்புப் புற்றுநோய் என்று தெரிந்ததும் இசைப் பயணத்தைப் பாதியில் நிறுத்தி, அடுத்த வருடக் கடைசியில் மறுபடி மேடையேறினார். 2024இல், ஐம்பத்தைந்து வயதில், கிராமி விருது வாங்கினார். இவ்வளவுக்குப் பிறகும் உன் மனுசனுக்கு அவர் ரிவி நடிகைதான்! என் சார்பில் ஒரு குட்டுப் போடு.

கைலி ஊர் ஊராகப் பாடித் திரிந்த தொண்ணூறுகளில் நாங்கள் இங்கே யுத்தத்துக்குள், கரண்ட் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ கரண்டில் றேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அதில் கைலி எங்கே வரப்போகிறா? இந்தப் பிள்ளைகளுக்குப் போன் இருக்கிறது, அதுவே பெரிய விசயம்.

பாட்டுப் போட்ட பிள்ளையின் தாயிடம், பரீட்சை முடியும்வரை மாதத்துக்கு ஒரு பாட்டு மட்டும் என்று பேசி முடித்திருக்கிறேன். பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு சம்மதித்தாள். சுருதி இன்னும் கொஞ்சம் விலகுகிறதுதான், சங்கீத ரீச்சர் சொல்வதில் பிழையில்லை. சனிக்கிழமைகளில் அவரிடமே அனுப்புகிறேன். பாட்டின் லிங்கைத் தனியாக அனுப்புகிறேன், உன் மகளைக் கேட்கச் சொல். அவள் ஒலிப்பதிவு படிக்கிறாள்தானே, போனில் பதியும்போது காற்றுச் சத்தம் வராமல் என்ன செய்யலாம் என்று கேட்டு எழுது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல். வரும்போது சட்டையில் குத்துகிற சின்ன மைக் ஒன்று வாங்கி வா, காசு நான் தருவேன்.

அன்புடன்,
உன்னோடு ஒரே வாங்கில் இருந்தவள்