லேசர் அடித்தால் அலுமினியம் அரிக்காதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அலுமினியத்தின் மேல் லேசரைப் பாய்ச்சினால் அரிப்பே வராது, இனி ஆசிட் தொட்டியும் வேண்டாம் பெயின்ட்டும் வேண்டாம் என்கிற ரீதியில் உங்கள் அறிவியல் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் அம்பத்தூரில் அனோடைசிங் பட்டறை வைத்திருப்பவன், அதாவது ஆசிட் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் கனமான ஆக்சைடு படலம் வளர்க்கிற தொழில். கட்டுரை வந்ததும் வாடிக்கையாளர்கள் போன் செய்து "உங்ககிட்ட லேசர் இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதில் ஒருவர் கேட்டது வீட்டு ஜன்னலுக்கு! எழுதியது முழுப் பொய் இல்லை. ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள், விட்டுப்போன பாதிதான் காசு போடப்போகிறவனுக்கு வேண்டியது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். காற்று பட்ட உடனே அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் வந்து மூடிக்கொள்வதால் அப்படித் தெரிகிறது. உப்பு வந்து உட்கார்ந்தால் கதை வேறு. பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் பழைய ஜன்னல் எதையாவது பாருங்கள். கண்ணாடி ஓடுகிற கீழ்த்தடத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும், துடைத்துவிட்டுப் பார்த்தால் ஊசி குத்தின மாதிரி குழி குழியாக இருக்கும். மேலே ஒன்றுமே தெரியாது, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். இதற்கு லேசர் மருந்தா என்றால், இல்லை. ஜன்னலுக்கு வருவது பெரும்பாலும் 6063 என்கிற எண் போட்ட அலுமினியக் கலவை ரகம், அதில் செம்பு 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லேசர் வேலை செய்வது செம்பால் வருகிற அரிப்புக்கு, அந்த வியாதியே இதற்குப் பெரிதாகக் கிடையாது. கடலோர வீட்டுக்கு 25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கன அனோடைசிங், படலத்தின் நுண்துளைகளை ஒழுங்காக அடைக்கிற சீலிங், அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுவது, இவ்வளவு போதும். பில்லில் 25 என்று இருக்கும், மீட்டரை வைத்துப் பார்த்தால் 8, 10 என்று காட்டும், அது எங்கள் தொழிலில் நடக்கிற அநியாயம். அதை லேசர் வந்து சரி செய்யாது.

சரி, லேசர் எங்கேதான் உதவும்? விமானத்துக்குப் போகிற, 2024 என்று எண் போட்ட கலவை மாதிரி ரகங்களில். அதில் பலத்துக்காக 3.8-இலிருந்து 4.9 சதவீதம் வரை செம்பு சேர்க்கிறார்கள். அந்தச் செம்பு எல்லா இடத்திலும் சமமாகக் கரைந்து கிடப்பதில்லை, அங்கங்கே அலுமினியம், செம்பு, மக்னீசியம் சேர்ந்த சின்னச் சின்னத் துகள்களாக நிற்கும். உப்புத் தண்ணீர் பட்டால் முதலில் அந்தத் துகளில் இருக்கிற மக்னீசியம் கரைந்து போய்விடும், மிச்சம் நிற்கிற செம்பு ஒரு குட்டி பேட்டரியின் ஒரு முனை போல வேலை செய்ய ஆரம்பித்து, சுற்றியிருக்கிற அலுமினியத்தைத் தின்னும். குழி அங்கே பிறக்கிறது. இந்த ரகத்தை அனோடைஸ் செய்வதும் பெரும்பாடு, துகள் இருக்கிற இடத்தில் படலம் ஒழுங்காக வளராது, ஜன்னல் செக்‌ஷன் மாதிரி பளிச்சென்று தொட்டியை விட்டு வெளியே வராது.

லேசர் அந்தத் துகளைத்தான் கரைக்கிறது. மேல்தோலை மட்டும், எந்த லேசர் என்பதைப் பொறுத்துச் சில மைக்ரானிலிருந்து சில நூறு மைக்ரான் ஆழம் வரை, கண நேரம் உருக்கிவிட்டு நகர்ந்துவிடும். அடியில் இருக்கிற குளிர்ந்த உலோகம் சூட்டை அப்படியே இழுத்துக்கொள்ளும், நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் ஆறும்போது செம்பு மறுபடி கூடித் துகளாக நேரமே கிடைக்காது. மேல்தோல் ஓரளவு ஒரே சீராகிவிடுகிறது, அப்புறம் அதன் மேல் அனோடைஸ் செய்தால் படலமும் சீராக வருகிறது. இது எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் தொட்டியை ஒழிக்கச் சொல்லவில்லை, தொட்டிக்கு உதவி செய்கிறது.

இப்போது விட்டுப்போன பாதி. அலுமினியம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற உலோகம், பட்டறைகளில் புழங்குகிற ஃபைபர் லேசரின் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். லேசர் ஒரே அடியில் முழுத் தகட்டையும் உருக்குவதில்லை, கோடு கோடாகத்தான் போகும், ஒரு கோட்டின் ஓரம் அடுத்த கோட்டின் மேல் ஏற வேண்டும். ஏறுகிற இடத்தில் ஏற்கனவே ஆறின உலோகம் மறுபடி சூடாகி, செம்பு அங்கேயே ஒதுங்கிப் பட்டையாக நிற்கலாம், அரிப்பு அந்தப் பட்டை வழியாகவே நுழையும். நுண்துளை விழும். 7075 போன்ற ரகத்தில் ஆறும்போதே விரிசல் விடும். உருகி ஆறின தோல் சுருங்கப் பார்க்கும், பாரம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போது அந்த இழுவிசை உலோகத்தைச் சீக்கிரம் களைப்படைய வைத்து விரிசல் விட வைக்கும். நேரக் கணக்கும் இருக்கிறது, நான் ஒரு ரேக் முழுக்க மாட்டி ஒரே முக்கில் முடிப்பதை லேசர் கோடு போட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொரு குழப்பம். லேசர் கிளீனிங் மெஷின் விற்பவர்கள் இதே கட்டுரையைக் காட்டி வியாபாரம் பேசுகிறார்கள். கிளீனிங் என்பது மேலே இருக்கிற அழுக்கையும் ஆக்சைடையும் எடுப்பது, அவ்வளவுதான். உருக்குவது வேறு. தண்ணீர் ஓடவிட்டு அதிர்வலையால் அடித்து மேல்தோலை இறுக்குகிற பீனிங் வேறு, அது விரிசல் பரவாமல் தடுப்பதற்கு. மூன்றையும் "லேசர் ட்ரீட்மென்ட்" என்று ஒரே பெயரில் உங்கள் கட்டுரையும் போட்டிருக்கிறது.

அப்புறம் ஏன் இத்தனை பேர் இதன் பின்னால் ஓடுகிறார்கள்? அரிப்பைத் தடுக்க அலுமினியத்தை முக்கி எடுக்கிற குரோமேட் என்கிற குரோமிய ரசாயனம்தான் காரணம். விமான அலுமினியத்துக்குப் பல காலமாகக் காவல் அந்த மஞ்சள் தொட்டிதான், அதில் இருக்கிற ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது என்பது நிரூபணமானது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பர் 21-க்குப் பிறகு அந்த வகை ரசாயனமான குரோமியம் டிரையாக்சைடைத் தனி அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாது. நம் ஊருக்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை, இராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். அது தோல் தொழிலுக்கான ரசாயனம் செய்த ஆலை, அலுமினியத்தோடு சம்பந்தமில்லை, ஆனால் விஷம் அதே விஷம். அந்தத் தொட்டி போகுமென்றால் நான் லேசர் கட்சிதான்.

ஆனால் மேல்தோலை மட்டும் பார்த்தால் போதாது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் 24,000 அடி உயரத்தில் ஒரு போயிங் 737-இன் மேற்கூரை பிய்த்துக்கொண்டு போனது, விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். தகடும் தகடும் சேருகிற இடத்தில் பசை விட்டு, ஈரம் புகுந்து அரித்து, ரிவெட் துளைகளிலிருந்து விரிசல் ஓடியிருந்தது. இரண்டு தகட்டுக்கு நடுவே நடந்ததை வெளியிலிருந்து லேசர் அடித்துத் தடுத்திருக்க முடியாது. பசை போடுவதற்கு முன்னால் தகட்டை லேசரால் தயார் செய்வதில் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது, என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரைக்குத் தலைப்பே அதுதான் ஆகியிருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். காரைக்குடியில் இருக்கிற சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடலோர அரிப்புச் சோதனை நிலையம் இருக்கிறது. வெறும் தகடு, குரோமேட் போட்டது, அனோடைஸ் செய்தது, லேசர் அடித்து அனோடைஸ் செய்தது என நாலையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் நிருபர் போய்க் கேட்டு எழுதட்டும். அதுவரை மெஷின் வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் சால்ட் ஸ்ப்ரே ரிப்போர்ட் (உப்புத் தண்ணீரைப் புகைபோலத் தெளித்து அரிப்பைச் சோதித்த அறிக்கை) கேளுங்கள், அதுவும் கோடும் கோடும் ஏறுகிற இடத்தைச் சோதித்த ரிப்போர்ட்டாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அனோடைசிங் பட்டறைக்காரர்,
அம்பத்தூர்