ஒதுங்கும் இடம் வண்டி நிறுத்தும் இடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்காக நீங்கள் வெளியிட்ட ஞாயிறு இணைப்பில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டையும் தீவுகளையும் பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. இன்வெர்னஸில் தொடங்கி வடகோடிக் கரையைச் சுற்றி வரும் 516 மைல் பாதையை மூன்றே நாளில் முடித்துவிடலாம், நான்காம் நாள் ஸ்கை தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று யோசனை சொல்லியிருந்தார்கள். எழுதியவர் அந்தப் பாதையைக் கைப்பேசி வரைபடத்தில்தான் ஓட்டியிருக்க வேண்டும். அதை நம்பி யாராவது டிக்கெட் எடுத்துவிடப் போகிறார்களே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர். பொள்ளாச்சி–வால்பாறை தடத்தில் வெகுகாலம் ஓட்டியவன். ஆழியாறு தாண்டினால் வரும் 40 கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம். மகள் கிளாஸ்கோவில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். போன ஜூனில் மகள், மாப்பிள்ளை, பேத்தி, நான், என் வீட்டுக்காரம்மா எல்லாரும் ஒரே காரில் மலைநாட்டையும் சில தீவுகளையும் சுற்றி வந்தோம். நம் ஊர் உரிமத்தை வைத்துக்கொண்டு அங்கே ஓராண்டு வரை ஓட்டலாம். ஆனால் வாடகைக்கு வண்டி கொடுத்தவர் என் வயதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். ஆகவே நான் முன்சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே ஊர் பார்த்தேன்.

கிளாஸ்கோவிலிருந்து வடக்கே போகும் ஏ82 நல்ல சாலைதான். லோமண்ட் ஏரிக்கரையின் மேல்பகுதியில் மட்டும் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு போகும். எதிரே சுற்றுலாப் பேருந்து வந்தால் இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சாண்கூட மிஞ்சாது. அப்புறம் ரானக் மூர் என்ற சதுப்பு மேடு, அதைத் தாண்டினால் கிளென்கோ பள்ளத்தாக்கு. 1692 பிப்ரவரியில் அந்தப் பள்ளத்தாக்கில் மக்டொனால்டு குலத்தாரின் வீடுகளில் ஏறத்தாழ இரண்டு வாரம் விருந்தாளிகளாகத் தங்கிய அரசுப் படையினர், ஒரு நாள் விடியுமுன் அந்த வீட்டுக்காரர்களையே கொன்றார்கள். செத்தவர் 38 பேர் என்பார்கள். தப்பி ஓடியவர்களில் பலர் பனியில் மடிந்தார்கள். மாப்பிள்ளை இதைச் சொன்னபோது, "சாப்பாடு போட்ட வீட்டிலேயா அப்புச்சி?" என்று பேத்தி என்னைத்தான் கேட்டாள். நான் என்ன சொல்ல?

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு வருகிற சாலைகளைப் பற்றி. மலைநாட்டிலும் தீவுகளிலும் பெரும்பாலான கிளைச் சாலைகள் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். போக்கும் வரத்தும் அதிலேயே. அங்கங்கே சாலை வயிறு புடைத்தாற்போல் கொஞ்சம் அகலும், ஓரத்தில் வெள்ளைப் பலகை நட்டிருக்கும். எதிர்வண்டிக்கு ஒதுங்குவதற்கான இடம் அது. உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்கி நிற்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையவே கூடாது. அதற்கு நேர் எதிரே உங்கள் ஓரத்திலேயே நின்றுவிட்டால், வருகிறவர் அந்த அகலத்தில் வளைந்து போய்விடுவார். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும்; நம் மலைப்பாதையிலும் இதே விதிதான். பின்னால் வருகிறவர் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி அவரை முன்னே விட்டுவிட வேண்டும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கக் கூடாது. இது அந்த நாட்டுச் சாலை விதிப் புத்தகத்திலேயே உள்ளது. உங்கள் முழுப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஸ்கை தீவில் ஸ்டாஃபினிலிருந்து குயிராங் மலைச்சரிவு ஏறி யூக் போகும் சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். மேலே போகப் போகச் செங்குத்து, ஒரு கொண்டை ஊசி வளைவும் உண்டு. நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம், எதிரே சிவப்பு நிறத் தபால் வேன் இறங்கி வந்தது. எங்களுக்கு முன்னால் ஓர் ஒதுங்கும் இடம் தெரிந்தது. அதில் ஒரு கார் நின்றது. டிக்கி திறந்திருந்தது. எவர்சில்வர் தூக்கில் புளிசாதம், காகிதத் தட்டு, பெரியவர் ஒருவருக்கு மடக்கு நாற்காலி. நம்மவர்கள்தான். பேச்சுக் காதில் விழுந்தது, மதுரைப் பக்கம். பசிக்கிற நேரம், வாசனை வேறு. கோபம் வந்தாலும் எச்சிலும் ஊறியதை மறைப்பானேன்.

தபால் வேனை ஓட்டி வந்தவர் ஒரு பெண்மணி. ஹாரன் அடிக்கவில்லை, கண்ணாடியை இறக்கி ஒரு சொல் சொல்லவில்லை. ரிவர்ஸ் போட்டு, வளைவையும் தாண்டி, முந்தைய ஒதுங்கும் இடம் வரை ஏற்றத்தில் பின்னாலேயே போனார். அத்தனை சுத்தமான ரிவர்ஸை நான் எங்கள் டிப்போவிலேயே சிலரிடம்தான் பார்த்திருக்கிறேன். நாங்கள் கடந்தபோது மாப்பிள்ளை கையைத் தூக்கினார். அவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். நன்றி, வணக்கம், போய் வா எல்லாம் அங்கே அந்த ஒரு விரல்தான். ஆனால் எங்களுக்குப் பின்னால் நாலைந்து கார்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் காத்திருக்க வேண்டும். கோடை முழுக்கத் தினமும் அவருக்கு இதே கதையாக இருந்தால் எப்போது தபாலைக் கொடுத்து எப்போது வீடு போவார்? படம் எடுக்க நிறுத்திய வெள்ளைக்காரர்களையும் வழிநெடுகப் பார்த்தோம், ஆளுயரக் கேம்பர் வேன்களையும் பார்த்தோம். தப்பு நம்மவர்களுடையது மட்டும் இல்லை. ஆனால் உங்கள் நாளிதழைப் படிக்கப் போகிறவர்கள் நம்மவர்கள்தானே.

கப்பலும் அப்படித்தான். அந்தத் தீவுகளுக்குப் போகும் கார்க் கப்பலை உங்கள் கட்டுரை 'உல்லாசப் பயணம்' என்கிறது. அவர்களுக்கு அது டவுன் பஸ். ஹாரிஸ், லூயிஸ் தொடங்கி பாரா வரை நீளும் மேற்குத் தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 26,000 பேர்தான் இருக்கிறார்கள். ஆட்டைச் சந்தைக்கு அனுப்ப, பெரிய சிகிச்சைக்கு இன்வெர்னஸோ கிளாஸ்கோவோ போக, கடைக்குச் சாமான் வர எல்லாவற்றுக்கும் கப்பல்தான். 2008இல் அந்தத் தீவுகளுக்கான கட்டணத்தை, அதே தூரத்தைச் சாலையில் ஓட்டினால் என்ன செலவாகுமோ அதை ஒட்டிக் குறைத்தார்கள். தீவுக்காரர்களுக்கு நல்லது என்று செய்தது. கூடவே எங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்களின் கார்களும் பெருகின. கோடையில் முன்பதிவு இல்லாமல் போனால் காருக்கு இடம் கிடைப்பது அதிர்ஷ்டம்.

ஹாரிஸ் போக யூக் துறையில் நாங்கள் வரிசையில் நின்றபோது காற்று பலமாகி அன்றைய கப்பல் ரத்தானது. காற்றை யார் என்ன செய்ய முடியும்? பக்கத்து வரிசையில் ஒரு பிக்-அப் வண்டி, பின்னால் இரண்டு மேய்ச்சல் நாய்கள். அந்த ஆள் கைப்பேசியில் வந்த செய்தியைப் பார்த்தார், சீட்டைச் சாய்த்தார், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். எங்கள் காருக்குள்ளோ ஓட்டல் அறை, அடுத்த ஊர், திரும்பும் நாள் என்று ஒரே ரகளை. மாப்பிள்ளை புத்திசாலி, நடுவில் ஒரு நாளைச் சும்மா விட்டு வைத்திருந்தார், பிழைத்தோம். மூன்று நாள் திட்டக்காரர் அங்கே என்ன செய்திருப்பார் என்று உங்கள் கட்டுரையாளரைக் கேட்கிறேன்.

ஹாரிஸ் தீவின் மேற்குக் கரையில் லஸ்கென்டைர் மணல் வெள்ளையும் கடல் பச்சையுமாக இருக்கும், படம் எல்லாரும் போடுவார்கள். என் வீட்டுக்காரம்மாவுக்குப் பிடித்தது கிழக்குக் கரை. அங்கே மண்ணைவிடப் பாறைதான் அதிகம், சாலை அதற்குள் நெளிந்து நெளிந்து போகும். வழியில் ஒரு வீட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து தறிச் சத்தம் வந்தது. அம்மணி நெகமத்துக்காரர், தறிக்குழி இருந்த வீட்டில் வளர்ந்தவர். "வண்டியை நிறுத்துங்க மாப்பிள்ளை" என்றார். முறையான நிறுத்துமிடம் வரும் வரை போய், அங்கிருந்து எல்லாரும் நடந்து வந்தோம்.

ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணிக்குத் தனிச் சட்டமே உண்டு, 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்டது. கம்பளிக்குச் சாயமேற்றுவதும் நூற்பதும் அந்தத் தீவுகளிலேயே நடக்க வேண்டும், தீவுக்காரர் தம் வீட்டில் கையால் நெய்ய வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயர். இரும்புத் தறிதான், ஆனால் மின்சாரம் கிடையாது. சைக்கிள் மிதிப்பது போல நெசவாளர் காலால் மிதிக்க, தறி ஓடுகிறது. வீட்டுக்காரம்மா குனிந்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பார்த்தார், விளிம்பைத் தடவினார், அறுந்த இழையை எப்படி முடிகிறீர்கள் என்று கையாலேயே கேட்டார். நெசவாளரும் விரலாலேயே முடிந்து காட்டினார். பிறகு அம்மணி மகளை விட்டு மீட்டர் என்ன விலை, உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்கச் சொன்னார். மகள் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள்.

மில்லிலிருந்து பாவு சுற்றிய உருளையை வேனில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்குகிறார்கள், நெய்த துணியை அதே போல எடுத்துப் போகிறார்கள் என்று நெசவாளர் சொன்னார். அதாவது அந்த ஒற்றை வழிச் சாலைதான் அவர் பிழைப்பு. ஒதுங்கும் இடத்தில் யாராவது நாற்காலி போட்டால் அந்த வேனும்தான் நிற்கும்.

லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளாமல் திட்டமிடுங்கள், அல்லது மாட்டிக்கொண்டு சந்தோஷமாக இருங்கள். சர்ச் நாளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். லூயிஸின் ஸ்டோர்னவே துறையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள உல்லபூலுக்கு ஞாயிறு கப்பல் விட ஆரம்பித்ததே 2009 ஜூலையில்தான், அதற்கும் எதிர்ப்பு இருந்தது. சனிக்கிழமையே ரொட்டி, பால், பெட்ரோல் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டோம். காலனிஷ் நடுகற்களைப் பார்க்க அன்று எந்தத் தடையும் இல்லை. ஐயாயிரம் ஆண்டுக் கற்களுக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன.

கடைசியாக, தீவுகளை விட்டுத் திரும்பிய பின், ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குப் போகும் கணவாய். கடல் மட்டத்தில் தொடங்கி 626 மீட்டர் வரை ஒரே மூச்சில் ஏறும் ஒற்றை வழி. அடிவாரத்திலேயே பெரிய பலகை: ஓட்டக் கற்பவர்கள், மிகப் பெரிய வண்டிகள், கேரவன்கள் வர வேண்டாம் என்று. 1970களில் கரையோரச் சாலை போடும் வரை அந்த ஊருக்குக் கார் போக இது ஒன்றுதான் வழி. ஏறும்போது மாப்பிள்ளை நன்றாகவே ஓட்டினார். இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்திருந்ததால் ஒரு வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடைதான். "எந்த கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள் மாப்பிள்ளை" என்றேன். "ஆட்டோமேட்டிக் மாமா" என்றார். அதிலும் கியரைக் குறைத்து வைக்க வழி உண்டு, லீவருக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. போகிறவர்கள் வண்டி எடுக்கும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த முறை இந்தப் பக்கத்தை வெளியிடும்போது ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். ஒதுங்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள், ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள், டேங்க் பாதியானதும் பெட்ரோல் போடுங்கள், கப்பலுக்கு முன்பதிவு செய்து நடுவில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள் என்று. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அந்த நேரத்தில் கண்ணுக்கே தெரியாத கொசு மாதிரி ஒரு பூச்சி மொய்த்துப் பிடுங்கும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பக்கத்தின் நடுவில் போட்டிருந்த பெரிய படத்துக்குக் கீழே 'குயிராங்' என்று அச்சிட்டிருந்தீர்கள். அது போர்ட்ரீக்கு வடக்கே உள்ள ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர் என்ற தனிப்பாறை. குயிராங் இன்னும் வடக்கே, ஸ்டாஃபினுக்கு மேலே. திருத்தம் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
பொள்ளாச்சி.