மூஞ்சி கழுவுனதும் தோல் இழுக்குதா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

எங்க தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நெறைய வீட்ல போர் தண்ணி தான், ஒரே உப்பு, சோப்பு போட்டா நுரையே வராது, அதனால இன்னும் ரெண்டு தடவ போட்டு தேய்க்கறாங்க, அப்புறம் கன்னம் ரெண்டும் வெறைப்பா இழுத்துக்குது, வாய் ஓரத்துல வெள்ள வெள்ளயா தோல் உரியுது. அப்பதான் சுத்தமாச்சுன்னு பொண்ணுங்க சொல்றத கேட்டா கஷ்டமா இருக்கு சார். அழுக்கோட சேத்து தோலுக்கு வேண்டிய எண்ணெய் பசையும் போயிடுது. பிஹெச்னு புளிப்பு, காரம் அளக்கற ஒரு எண் இருக்கு, 7க்கு கீழ புளிப்பு, மேல காரம்; தோலோட பிஹெச் 5 கிட்ட இருக்கும், சோப்பு கட்டி 9, 10 வரும், உப்பு தண்ணில இருக்கற கால்சியம் வேற சோப்போட சேந்து மூஞ்சிலயே படிஞ்சிடும்.

மெட்ரோ வாட்டர்ல, அதாவது சென்னை குடிநீர் வாரியம் விடற தண்ணில, ஒரு சொம்பு எடுத்து வச்சு கடைசியா அலசுங்க, சுடுதண்ணி வேணாம். துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசரோ வாசலினோ தடவிடணும், இது தான் முக்கியம். சோப்புக்கு பதிலா நுரை கம்மியான ஃபேஸ் வாஷ் நல்லது. எரிச்சல், செவப்பு போகலன்னா கடைல கேட்டு க்ரீம் வாங்காதீங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரில தோல் டாக்டர பாருங்க.

வாரம் ஒருநாள் தோல் டாக்டர் பதில் சொல்ற மாதிரி ஒரு பகுதி உங்க பேப்பர்ல போடுங்க சார்.

இப்படிக்கு,
வாசகி, தண்டையார்பேட்டை